கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள்

நானோ அளவிலான மின்கருவிகளைப் பற்றிய பாடங்களில் ஒரு கூற்று மாறாமல் வருகிறது: இரண்டே மின்முனைகள் உள்ள கருவிக்குக் காந்தப்புலத்தின் அளவு தெரியும், திசை தெரியாது. புலம் மேல்நோக்கி இருந்தாலும் கீழ்நோக்கி இருந்தாலும் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒன்றுதான் என்பார்கள். சந்தேகம் கேட்கும் மாணவரிடம் லார்ஸ் ஆன்சாகரின் பெயரைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

வகுப்பறையில் தொடங்கும் இந்தக் கூற்று ஆய்வகத்தில் ஒரு பழக்கமாக இறுகிவிட்டது. புலத்தை ஒரு திசையில் வைத்து அளந்த வளைகோடும், எதிர்த்திசையில் வைத்து அளந்த வளைகோடும் பொருந்தவில்லை என்றால், இணைப்பில் கோளாறு, காந்தத்தில் கோளாறு, அளவீட்டில் கோளாறு என்று உடனே முடிவு கட்டுகிறார்கள். பிறகு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அழகான சமச்சீர் வளைகோடு ஒன்றை வெளியிடுகிறார்கள். கழிந்துபோன பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்தக் கூற்றும் தவறு, அதிலிருந்து பிறந்த பழக்கமும் தவறு என்பதே என் வாதம். ஆன்சாகர் உறவு ஒரு நிபந்தனையோடு வந்த தேற்றம். நிபந்தனையை உதிர்த்துவிட்டு முடிவை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். அந்த நிபந்தனைக்கு வெளியே, இரு மின்முனைக் கருவி காந்தப்புலத்தின் திசையை நன்றாகவே அறியும். அப்போது தோன்றும் சமச்சீரின்மை, கருவிக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாக விரட்டுகின்றன என்பதன் நேரடி அளவு. கூட்டி இரண்டால் வகுக்கும்போது அழிவது இந்தச் செய்திதான்.

ஆன்சாகர் உண்மையில் நிறுவியது என்ன? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1931-இல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்காகவே 1968-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வெப்பச் சமநிலையில் இருக்கும் ஒரு பொருளில் இயல்பாக எழும் சிறு ஏற்ற இறக்கங்கள் எப்படித் தணிகின்றனவோ, அப்படியேதான் நாம் வெளியிலிருந்து கொடுக்கும் சிறு தூண்டலும் தணியும் என்று அவர் எடுத்துக்கொண்டார். நுண்ணிய அளவில் இயக்க விதிகள் காலத்தை முன்னும் பின்னும் ஒன்றாகவே பார்ப்பதால், ஏற்ற இறக்கங்களுக்கிடையே ஒரு சமச்சீர்மை கிடைக்கிறது. காந்தப்புலம் இருந்தால் காலத்தைத் திருப்பும்போது புலத்தையும் திருப்ப வேண்டும். 1945-இல் ஹென்ட்ரிக் காசிமிர் இதை விரிவாக எழுதினார். இரு மின்முனைக் கருவியின் கடத்துதிறன் புலத்தின் திசையைப் பொறுத்து மாறாது என்ற முடிவு இங்கிருந்து வருகிறது.

இந்தத் தர்க்கம் முழுவதும் நிற்பது 'சமநிலையை ஒட்டி' என்ற ஒரே காலில். மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்தால், சுழிப் புள்ளியில் அந்த வளைகோட்டின் சரிவு எவ்வளவு என்பதைப் பற்றித்தான் ஆன்சாகர் உறவு பேசுகிறது. அதைத் தாண்டி வளைகோடு எப்படி வளையும் என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நானோ கருவிகளில் 'சமநிலையை ஒட்டி' என்பது எவ்வளவு குறுகிய வட்டாரம் தெரியுமா? மின்னழுத்தம் தரும் ஆற்றலை வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலுக்கு இணையான மின்னழுத்தம் ஏறத்தாழ 26 மில்லிவோல்ட். திரவ ஹீலியத்தின் கொதிநிலையான 4.2 கெல்வினில் அது 0.36 மில்லிவோல்ட். 0.1 கெல்வினில் 9 மைக்ரோவோல்ட்கூட இல்லை. எலக்ட்ரான்களை மிகச் சிறிய இடத்தில் அடைத்துவைக்கும் குவாண்டம் புள்ளிகளின் ஆய்வுகள் பெரும்பாலும் நடப்பது இந்தக் கடைசி வட்டாரத்தில். அங்கே சில பத்து மைக்ரோவோல்ட் கொடுத்தாலே மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் நேரியல் எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. சென்டிமீட்டர் அளவுள்ள செம்புக் கம்பியில் பழகிய உள்ளுணர்வை மைக்ரான் அளவுள்ள கேலியம் ஆர்சனைடு புள்ளியிடம் கொண்டுபோவதால் வரும் பிழை இது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஆன்சாகர் தேவையே இல்லை. ரோல்ஃப் லாந்தவரும் மார்க்குஸ் பியூட்டிக்கரும் வளர்த்த சிதறல் கோட்பாட்டில் எலக்ட்ரான் ஓர் அலை. அது இடது முனையிலிருந்து வலது முனைக்கு ஊடுருவிச் செல்ல ஒரு நிகழ்தகவு உண்டு. காலத்தைத் திருப்பினால், மேல்நோக்கிய புலத்தில் இடமிருந்து வலம் செல்லும் நிகழ்தகவும், கீழ்நோக்கிய புலத்தில் வலமிருந்து இடம் செல்லும் நிகழ்தகவும் சமம். எலக்ட்ரான்கள் எங்கும் காணாமல் போவதில்லை என்பதால், முனைகள் இரண்டே இருக்கும்போது, ஒரே புலத்தில் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் செல்லும் நிகழ்தகவுகளும் சமம். இரண்டையும் சேர்த்தால் ஊடுருவு நிகழ்தகவு புலத்தின் திசையைப் பொறுத்ததே அல்ல. அதுவும் ஒவ்வோர் ஆற்றலிலும் தனித்தனியே. எனவே மின்னழுத்தம் எவ்வளவு பெரிதானாலும் மின்னோட்டம் சமச்சீராகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் எலக்ட்ரான் எந்த மின்னழுத்த நிலப்பரப்பில் ஓடுகிறதோ அந்த நிலப்பரப்பு மாறாமல் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் மின்னூட்டம் உடையவை. மின்னழுத்தம் கொடுத்தவுடன் கருவிக்குள் அவை புதிதாகக் குவிகின்றன, சில இடங்களில் குறைகின்றன. குவிந்தவை வருகிறவற்றை விரட்டுகின்றன. நிலப்பரப்பே மாறிவிடுகிறது. ஊடுருவு நிகழ்தகவு அந்தப் புதிய நிலப்பரப்பைப் பொறுத்தது. கேள்வி இப்போது இடம் மாறிவிட்டது: எலக்ட்ரான்கள் எங்கே குவிகின்றன என்பது புலத்தின் திசையைப் பொறுத்ததா?

ஆம். இரண்டு ஊர்களை இணைக்கும் வடக்கு–தெற்குச் சாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஓரத்தில் ஒரு டீக்கடை. வண்டிகள் இடப்பக்கமாகப் போகின்றன. வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இடப்பக்கம் மேற்கு என்பதால், தெற்கூரிலிருந்து வருகிறவர்கள்தான் கடையில் நிறுத்துவார்கள். எல்லோரும் வலப்பக்கமாகப் போக வேண்டும் என்று விதியை மாற்றினால், அதே கடையில் வடக்கூர்க்காரர்கள் நிறைவார்கள். இரண்டு ஊரிலிருந்தும் சமமாக வண்டி வரும்வரை கடையில் இருக்கும் கூட்டம் மாறாது. விதி மாறியதே தெரியாது. தெற்கூரிலிருந்து மட்டும் கூடுதலாக வரத் தொடங்கினால்தான் வித்தியாசம் வெளிப்படும். பழைய விதியில் கடை நிரம்பிச் சாலையை அடைக்கும். புதிய விதியில் கடை அப்படியே இருக்க, வண்டிகள் தடையின்றிப் போகும்.

2004-இல் ஜெனீவாவில் டேவிட் சாஞ்செஸும் பியூட்டிக்கரும் எழுதிய கட்டுரையில் வரும் முதல் எடுத்துக்காட்டு ஏறத்தாழ இதுதான். வலுவான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் கருவியின் விளிம்புகளை ஒட்டியே ஓடுகின்றன. எந்த முனையிலிருந்து வருபவை எந்த விளிம்பில் ஓடும் என்பதைப் புலத்தின் திசை தீர்மானிக்கிறது. நடுவே எலக்ட்ரான்கள் நுழைய முடியாத ஒரு தீவு. அது ஒரு விளிம்பை மற்றதைவிட நெருங்கியிருந்தால், தீவைச் சுற்றிச் சேரும் மின்னூட்டம் எந்த முனையிலிருந்து வந்தது என்பது புலம் திரும்பும்போது மாறுகிறது. சமநிலையில் மொத்த மின்னூட்டம் ஒன்றே. சமநிலை கலைந்தால் ஒன்றல்ல. அதே ஆண்டில் போரிஸ் ஸ்பிவாக்கும் அலெக்சாந்தர் சூசினும் தனி வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள்: நேரியலல்லாத மின்னோட்டத்தில் தோன்றும் இந்தச் சமச்சீரின்மை, எலக்ட்ரான்களுக்கிடையே உள்ள விசையின் கையொப்பம். விசை இல்லையென்றால் இதுவும் இல்லை. எதிர்த்தரப்பின் கணக்கே இதற்குச் சாட்சி! ஒன்றையொன்று உணராத எலக்ட்ரான்களுக்குச் சமச்சீரின்மை சுழி என்று அவர்கள் நிறுவியதால்தான், சுழியாக இல்லாத எந்த அளவும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணர்வதைக் காட்டுகிறது.

இயற்பியலில் இப்படி ஒரு வாய்ப்பு அரிது. கடத்துதிறனில் எலக்ட்ரான் விசையின் பங்கு வழக்கமாக வேறு பத்து விளைவுகளோடு கலந்து கிடக்கும். பிரித்தெடுக்கக் கோட்பாட்டைத்தான் நம்ப வேண்டும். இங்கே சமச்சீர்மையே வடிகட்டியாக நின்று மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. வடிகட்டி தரும் அந்தச் சாற்றைத்தான் கூட்டி இரண்டால் வகுத்துக் கொட்டிவிடுகிறோம்.

'கோட்பாடு அழகாக இருக்கலாம், சோதனையில் வருவது காந்தத்தின் குறைதான்' என்பார்கள். இந்தச் சந்தேகத்தை மதிக்கிறேன். மீக்கடத்திக் காந்தங்களில் எஞ்சிய புலம் தங்கிவிடும். புலத்தை மாற்றும்போது கம்பிகளில் தூண்டு மின்னழுத்தம் எழும். அருகிலுள்ள மாசுகளில் மின்னூட்டம் இடம் மாறி அளவீடு நகரும். எல்லாம் உண்மை. ஆனால் எஞ்சிய புலம் இருந்தால் அது வளைகோடு முழுவதையும் ஒருபக்கம் நகர்த்தும். சுழி மின்னழுத்தச் சரிவும் சேர்ந்தே நகர்ந்திருக்க வேண்டும். அதே கருவியில், அதே கம்பிகளில், அதே காந்தத்தில் சரிவு சமச்சீராக இருந்து, வளைகோட்டை வளைக்கும் அடுத்த உறுப்பு மட்டும் சமச்சீர் இழந்தால் காந்தத்தைக் குறை சொல்ல இடமில்லை. மேலும், கோட்பாடு சொல்லும் முதல் சமச்சீரற்ற உறுப்பு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. மின்னழுத்தத்தை இரட்டித்தால் சமச்சீரற்ற மின்னோட்டம் நான்கு மடங்காக வேண்டும். மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அது இரட்டை அதிர்வெண்ணில் தனியே தோன்றும். ஒரே அதிர்வெண்ணை மட்டும் தேர்ந்து அளக்கும் லாக்-இன் பெருக்கி அதைத் தனியாகப் பிடித்துவிடும். நேரியல் கசிவு எதுவும் அங்கே வந்து நிற்காது.

இந்தத் தேர்வுகளை எழுதித் தேறிய சோதனைகள் உண்டு. 2005-இல் சியாட்டிலில் டேவிட் கோப்டனின் குழு ஒற்றைக் கார்பன் நானோகுழாய்களில் அளந்தது. நேரியல் பகுதி சமச்சீராக இருந்தது. இரண்டாம் படி உறுப்பு அப்படி இல்லை. குறைந்த வெப்பநிலையில், மின்னோட்டம் ஓடாத கட்டுப்பாட்டு முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மாற்றினால் அதன் குறியே புரண்டது. காந்தத்தின் குறை கேட்டுக்குக் கட்டுப்பட்டு நடப்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

2006-இல் ஹார்வர்டில் டொமினிக் சூம்பூலும் சார்ல்ஸ் மார்க்கஸும், சான்டா பார்பராவில் வளர்த்த கேலியம் ஆர்சனைடு அடுக்குகளில் குவாண்டம் புள்ளிகளை வடிவமைத்து அளந்தார்கள். மின்னழுத்தத்தைத் திருப்பினாலும் புலத்தைத் திருப்பினாலும் குறி மாறும் ஒரு கூறு அவர்களுக்குக் கடத்துதிறனில் கிடைத்தது. நேரியல் வட்டாரத்தில் அது இல்லை. புள்ளியின் வடிவத்தை மாற்ற மாற்ற அது சுழியைச் சுற்றி ஏறி இறங்கியது. சராசரி சுழி. இதைக் காட்டி 'சராசரி சுழி என்றால் விளைவும் சுழிதானே' என்று சொல்கிறவர்கள் உண்டு. அலையின் சராசரி உயரம் சுழி என்பதற்காகக் கடலில் அலை இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவைக் கொண்டே அவர்கள் எலக்ட்ரான் விசையின் வலுவை அளந்தார்கள். சாஞ்செஸும் பியூட்டிக்கரும் ஒழுங்கற்ற வடிவமுள்ள குழிகளுக்கு முன்கூட்டியே சொன்னதும் இதையேதான்: சராசரி சமச்சீர், ஒவ்வொரு தனி மாதிரியும் சமச்சீரற்றது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வளையங்களிடமிருந்து வருகிறது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1985-இல் ஐபிஎம்மின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் வெப் குழு, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள தங்க வளையங்களில், புலம் மாற மாற மின்தடை ஏறி இறங்கும் ஆரோனோவ்–போம் அலைவுகளைக் கண்டது. நான்கு மின்முனைகளோடு அளந்த மின்தடை புலத்தைத் திருப்பும்போது சமச்சீராக இல்லை. அப்போதும் இது புதிராகத்தான் தோன்றியது. நான்கு முனைகளில் மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றினால்தான் சமச்சீர்மை திரும்பக் கிடைக்கும் என்று 1986-இல் பியூட்டிக்கர் காட்டிய பிறகு, சமச்சீரின்மை பாடநூலில் ஏறியது. பிறகு 1995-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அமிர் யாகோபியும் மோட்டி ஹைப்லமும் வளையத்தின் ஒரு கையில் குவாண்டம் புள்ளியைப் பொருத்தி, அதைக் கடக்கும் எலக்ட்ரான் அலையின் கட்டத்தை (அலை தன் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பதை) அளக்க முயன்றார்கள். கட்டம் படிப்படியாக மாறாமல் 180 பாகை ஒரே தாவலாகத் தாவியது. புள்ளியின் இயல்பு என்று தோன்றிய அந்தத் தாவல், இரு முனைகள் மட்டும் வைத்ததன் விளைவு என்பது விரைவில் தெளிவானது. சமச்சீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் அலைவின் கட்டம் சுழியாகவோ 180 பாகையாகவோ மட்டுமே இருக்க முடியும். 1997-இல் வளையத்தைத் திறந்து கூடுதல் முனைகள் வைத்த பிறகே உண்மையான கட்டம் கிடைத்தது.

2006-இல் சூரிக்கின் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரெனோ லெட்யூர்க்கும் அவருடைய சகாக்களும் இரு முனை வளையத்துக்கே திரும்பினார்கள். இம்முறை நேரியல் எல்லையைத் தாண்டி அளந்தார்கள். வளையத்தின் கைகளுக்கு அருகிலுள்ள கேட் மின்னழுத்தங்களை மாற்றியபோது சமச்சீரின்மை தொடர்ச்சியாக, சீராக மாறியது. அதே இரண்டு முனைகள்தான். விறைத்து நின்ற கட்டம் விடுபட்டுவிட்டது. இரு முனைக் கருவிக்குத் திசை தெரியாது என்று இதற்குப் பிறகும் நிபந்தனையில்லாமல் வகுப்பில் சொல்வது மாணவருக்குச் செய்யும் அநீதி.

சிலர் இதற்கு நேரெதிர்த் தவறைச் செய்கிறார்கள். சமச்சீரின்மையைக் கண்டதும் நுண்மீள்திறன், அதாவது நுண்விதிகளின் காலச் சமச்சீர்மை, உடைந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். உடையவில்லை. நுண்விதிகள் அப்படியே இருக்கின்றன; சமநிலை மட்டுமே கலைந்திருக்கிறது. ஒவ்வொரு முனையும் தன் எலக்ட்ரான்களைத் தன் நிரப்பு அளவில் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையைக் காலத்தில் திருப்பினால், அது ஆய்வகத்தில் நாம் தயாரிக்கும் நிலை அல்ல. கட்டுப்பாடுகளும் முற்றிலும் போய்விடுவதில்லை. 2008-இல் கெய்ஜி சைட்டோவும் யசுஹிரோ உத்சுமியும் ஒருபுறமும், ஹைடி ஃபர்ஸ்டரும் பியூட்டிக்கரும் மறுபுறமும், இரண்டாம் படிக் கடத்துதிறனை மின்னோட்ட இரைச்சலோடு கட்டிப்போடும் உறவுகளை எழுதினார்கள். 2010-இல் ஜப்பானில் ஒரு வளையத்தில் அவற்றைச் சோதித்தும் பார்த்தார்கள்.

இந்தத் தவறின் விலையை இன்று கைத்தன்மையுள்ள (இடக்கை, வலக்கை போலத் தம் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத) மூலக்கூறுகளைப் பற்றிய சர்ச்சையில் பார்க்கிறோம். காந்தமாக்கிய உலோகத்தின் மேல் டிஎன்ஏ போன்ற மூலக்கூறுகளை நிறுத்தி, காந்தத்தின் திசையைத் திருப்பினால் மின்னோட்டம் மாறுகிறது. எனவே மூலக்கூறு எலக்ட்ரானின் தற்சுழற்சியை வடிகட்டுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இரு முனைக் கருவியில் இது ஆன்சாகர் உறவுக்கு விரோதம், எனவே அளவீடே பிழை என்று மறு தரப்பில் சிலர் கைகழுவுகிறார்கள். இந்த அளவீடுகள் பலவும் ஒரு வோல்ட்டை ஒட்டியும் அதற்கு மேலும் நடந்தவை. அறை வெப்பநிலையின் 26 மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஆன்சாகர் அங்கே எதையும் தடை செய்யவில்லை. 2019-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் பார்ட் வான் வீஸ் குழு இதைச் சரியாகப் பிரித்துச் சொன்னது: நேரியல் வட்டாரத்தில் இரு முனைச் சமிக்ஞை மறைந்தாக வேண்டும். 2020-இல் அதே குழு, நேரியலல்லாத வட்டாரத்தில் அது தோன்றும் வழியையும் காட்டியது.

அதற்காக முதல் தரப்பு வென்றுவிட்டதாகவும் ஆகாது. இந்த அளவீடுகள் பலவற்றில், காந்தத்தின் ஒரு திசையில் மின்னோட்டம் நேர், எதிர் மின்னழுத்தம் இரண்டிலும் பெரிதாகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வளரும் உறுப்பு மட்டும் அதைத் தராது. அது ஒரு பக்கத்தில் கூட்டினால் மறுபக்கத்தில் குறைக்கும். ஆகவே அடுத்த படிகளும் வேறு காரணங்களும் தேவைப்படுகின்றன. வழக்கைத் தீர்க்கும் சான்று எளியது: காந்தத்தின் இரு திசைகளிலும் சுழி மின்னழுத்தச் சரிவை நுட்பமாக அளந்து அருகருகே வையுங்கள். சரிவுகள் பொருந்தினால் பேச்சு நேரியலல்லாத இயற்பியலைப் பற்றியது. பொருந்தாவிட்டால் அளவீட்டைச் சந்தேகிக்க அப்போது உரிமை உண்டு. இதைச் செய்யாமல் இரு தரப்பும் ஆன்சாகரின் பெயரைச் சொல்லிச் சண்டையிடுவதில் பயனில்லை.

கூட்டி வகுக்கும் பழக்கத்துக்கே திரும்புவோம். ஹால் விளைவை அளக்கிறவர்கள் புலத்தின் இரு திசைகளையும் கூட்டியும் கழித்தும் பிரிப்பதை நான் குறை சொல்லவில்லை. பல முனைகள் உள்ள மாதிரியில், நேரியல் வட்டாரத்தில், குறுக்கு மின்னழுத்தத்தையும் நீள மின்னழுத்தத்தையும் பிரிக்க அது சரியான கருவி. அதைத் தூக்கிக்கொண்டுவந்து குவாண்டம் புள்ளியின் வளைந்த மின்னோட்டக் கோட்டின்மேல் போடுவதுதான் தவறு. எனவே இந்தத் துறையில் அளக்கிற இளைஞர்களிடமும் அவர்களின் வழிகாட்டிகளிடமும் கேட்கிறேன்: சராசரி வளைகோட்டை வெளியிடுவதானால் வெளியிடுங்கள், ஆனால் புலத்தின் இரு திசைகளிலும் அளந்த மூல வளைகோடுகளையும், அவற்றின் வேறுபாட்டையும், அந்த வேறுபாடு மின்னழுத்தத்தோடு எப்படி வளர்கிறது என்பதையும் அதே பக்கத்தில் கொடுங்கள்.